குறைமாதத்தில் பிறந்த குழந்தை: குடும்பத்தார் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கும் அப்பா, பாட்டி, சித்தி, மாமா எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அங்கே நர்ஸாக வேலை பார்க்கும் எனக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. உள்ளே ஏதாவது ஒரு மானிட்டர் அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் இங்கே எழுதுகிறேன். உங்கள் குழந்தையின் நிலை உங்கள் டாக்டருக்குத்தான் முழுதாகத் தெரியும். இதைப் படித்துவிட்டு அவரிடம் கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள்.

எத்தனை மாதத்தில் பிறந்தால் குறைமாதம்?

மாதக் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்குக்கு வாருங்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் முழுப் பிரசவக் காலம் 40 வாரம். 37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் குறைமாதம். 28 வாரத்துக்கு முன் பிறந்தால் மிக மிக முன்கூட்டிய பிறப்பு. 28 முதல் 32 வரை அடுத்த நிலை. 32 முதல் 37 வரை அதற்கடுத்தது. பெரும்பாலான குறைமாதக் குழந்தைகள் இந்தக் கடைசி வகையில்தான் வருகிறார்கள்.

“எட்டு மாசம் சிஸ்டர்” என்று சொல்வார்கள். அது 31 வாரமாகவும் இருக்கலாம், 35 வாரமாகவும் இருக்கலாம். எங்களுக்கு அந்த நான்கு வார வித்தியாசத்தில் சிகிச்சையே மாறிவிடும். 34 வாரத்தில் குழந்தையின் மூளை, நிறைமாத மூளையின் எடையில் ஏறத்தாழ 65 சதவீதம்தான் இருக்கும். மிச்சம் கடைசி ஆறு வாரத்தில் வளர வேண்டியது. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். வாரத்தைச் சரியாகச் சொல்வது அதுதான்.

எடை குறைவும் குறைமாதமும் ஒன்றா?

இல்லை. 39 வாரத்தில் 2 கிலோ எடையோடு பிறக்கும் குழந்தை எடை குறைந்த குழந்தை, குறைமாதக் குழந்தை அல்ல. நம் ஊரில் இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. அப்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

“ஏழு மாசத்துப் பிள்ளை பொழைக்கும், எட்டு மாசத்துப் பிள்ளை பொழைக்காது” என்கிறார்களே?

இது உண்மையில்லை. வயிற்றில் கூடும் ஒவ்வொரு வாரமும் குழந்தை பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டத்தான் செய்யும். இந்த நம்பிக்கை நம்மிடம் மட்டும் இல்லை. பழைய கிரேக்க மருத்துவ ஏடுகளிலும் இதே பேச்சு இருக்கிறது. ஆனால் இதனால் வரும் கேடு பெரியது. எட்டாம் மாதம் பிறந்த குழந்தையை, “எப்படியும் தங்காது” என்று மனசுக்குள் கைவிட்டுவிடுகிறார்கள். நல்ல மருத்துவமனைக்குக் கூட்டிப்போகக்கூட யோசிக்கிறார்கள். தயவுசெய்து இந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்க விடாதீர்கள்.

அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு 1963-ல் ஒரு மகன் பிறந்தான். ஐந்தரை வாரம் முன்கூட்டி, 2.1 கிலோ எடையில். எந்த வசதிக்கும் குறைவில்லாத குடும்பம் அது. நுரையீரல் முதிராததால் 39 மணி நேரத்தில் குழந்தை இறந்துபோனது. இன்று அதே வாரத்தில், அதே எடையில் பிறக்கும் குழந்தைகளை மாவட்ட அரசு மருத்துவமனைகளிலிருந்து தாய்மார்கள் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

நான் என்ன தப்பு செய்தேன்?

தாய்மார்கள் எல்லாரும் கேட்பது, பலர் வாய்விட்டுக் கேட்காதது. பப்பாளி சாப்பிட்டாயா, படி ஏறினாயா, கிரகணத்தில் வெளியே போனாயா என்று சுற்றியிருப்பவர்கள் விசாரணை நடத்துவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். முப்பதாவது வாரத்தில் பிரசவமானதற்குப் பழுத்த பப்பாளித் துண்டு காரணமில்லை. கிரகணமும் காரணமில்லை.

குறைமாதப் பிரசவம் மூன்று வழிகளில் வருகிறது. தானாக வலி கண்டுவிடுவது ஒன்று. வலி வராமலே பனிக்குடம் உடைவது ஒன்று. தாய்க்குப் பிரஷர் கட்டுக்கடங்காமல் போவது, நஞ்சுக்கொடி பிரிந்து ரத்தம் போவது, குழந்தை உள்ளே வளராமல் நிற்பது போன்ற காரணங்களுக்காக டாக்டர்களே முன்கூட்டி எடுப்பது மூன்றாவது. தானாக வரும் வலிகளில் பலவற்றுக்கு எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடிவதில்லை. எல்லாம் சரியாகச் செய்த பெண்ணுக்கும் வரும்.

அப்படியானால் யாருக்கு வாய்ப்பு அதிகம்?

முன்பு ஒருமுறை குறைமாதத்தில் பிரசவித்தவர்களுக்கு. இரட்டைக் குழந்தை, மூன்று குழந்தை சுமப்பவர்களுக்கு. இரட்டையரில் ஏறக்குறைய பாதிப்பேர் 37 வாரத்துக்கு முன்பே வந்துவிடுகிறார்கள். செயற்கைக் கருத்தரிப்பில் ஒன்றுக்கு மேல் கரு வைக்கும்போது இதை யோசிக்க வேண்டும். “ஒரே தடவையில் ரெண்டு” என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்கான விலையைக் குழந்தைகள் கொடுக்கிறார்கள்.

கர்ப்பப்பை வாய் நீளம் குறைந்தவர்கள், கர்ப்பப்பையின் அமைப்பில் மாறுபாடு உள்ளவர்கள், பனிநீர் அதிகம் உள்ளவர்கள், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள், ரத்தசோகை முற்றியவர்கள், 18 வயதுக்குள் கருவுற்ற பெண்கள், 35 வயதைத் தாண்டியவர்கள், உடல் எடை மிகக் குறைந்தவர்கள். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருப்பதும் ஒரு காரணம். புகையிலை எந்த வடிவத்தில் இருந்தாலும் ஆபத்து. கணவர் வீட்டுக்குள் பிடிக்கும் பீடி, சிகரெட் புகையும் அதில் சேர்த்தி. வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இதைக் குடும்பங்கள் பேசவே மாட்டார்கள், அதனால் நான் எழுதிவைக்கிறேன்.

இந்தியாவுக்கு இது சின்னப் பிரச்சினை இல்லை. 2020-ல் உலகம் முழுவதும் 1.34 கோடிக் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தார்கள். அதில் சுமார் 30 லட்சம் பேர் இந்தியாவில். வேறெந்த நாட்டிலும் எண்ணிக்கை இவ்வளவு இல்லை. ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் இறப்புக் காரணங்களில் உலக அளவில் முதலிடமும் இதுதான்.

நீர்க்கடுப்புக்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. கர்ப்பத்தில் சிறுநீர்த் தொற்று வந்தால் அது சிறுநீரகம் வரை ஏறவும், வலியைத் தூண்டவும் கூடும். நம் வீடுகளில் சிறுநீர் போகும்போது எரிந்தால் “சூடு” என்பார்கள். இளநீர், வெந்தயம், மோர் என்று நாலைந்து நாள் ஓடிவிடும். இளநீர் குடிப்பதில் தப்பில்லை. ஆனால் கிருமி இளநீருக்குப் போகாது.

இன்னொன்று, சில பெண்களுக்கு எரிச்சல், காய்ச்சல் எதுவுமே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருக்கும். கல்ச்சர் பரிசோதனையில்தான் தெரியும். கர்ப்பத்துக்கு ஒத்துக்கொள்ளும் ஆன்டிபயாடிக்கைச் சொன்ன நாள் வரை சாப்பிட்டால் தீர்ந்துவிடும். வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை சரியில்லை என்று தண்ணீரே குடிக்காமல், மணிக்கணக்கில் அடக்கி வைத்திருக்கும் பெண்கள் உண்டு. துணிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர்கள், மில் வேலைக்குப் போகிறவர்கள் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெள்ளைப்படுதல் நாற்றத்தோடோ, நிறம் மாறியோ இருந்தாலும் வெட்கப்படாமல் காட்டுங்கள்.

சூட்டு வலியா, பிரசவ வலியா என்று எப்படித் தெரியும்?

37 வாரத்துக்கு முன் என்றால் வீட்டில் இருந்து கண்டுபிடிக்க முயற்சி செய்யாதீர்கள் என்பதுதான் என் பதில். சோம்புக் கஷாயம், சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்த்துவிட்டு, “அடங்கலைன்னா காலையில் போகலாம்” என்று காத்திருந்து, குழந்தை தலை தெரியும் நிலையில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஓர் இரவில் கொடுத்திருக்க வேண்டிய, குழந்தையின் நுரையீரலை முதிரவைக்கும் ஊசியைக் கொடுக்க முடியாமல் போய்விடுகிறது.

வயிறு விட்டுவிட்டுக் கல் மாதிரி இறுகுவது, இடுப்பிலிருந்து முன்னால் பரவும் வலி, அடிவயிறு கீழே இழுப்பது, கொஞ்சமாகவோ நிறையவோ நீர் கசிவது, ரத்தம் படுவது, குழந்தை அசைவு குறைவது, கண் மங்கித் தலைவலி வருவது, முகமும் கையும் திடீரென வீங்குவது: இதில் ஒன்று இருந்தாலும் அன்றே, அப்போதே கிளம்புங்கள். பரிசோதித்துவிட்டு “ஒன்றுமில்லை” என்று திருப்பி அனுப்பினால் சந்தோஷமாக வாருங்கள். அலைந்தது வீண் இல்லை.

முழு ஓய்வு எடுத்தால் தடுக்க முடியுமா?

படுத்தே கிடப்பது குறைமாதப் பிரசவத்தைத் தடுப்பதாக ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. காலில் ரத்தம் உறைவதற்குத்தான் அது வழி செய்யும். பாரம் தூக்காதீர்கள், களைத்தால் உட்காருங்கள். அதற்கு மேல் டாக்டர் காரணத்தோடு சொன்னால் மட்டும்.

உண்மையில் உதவுபவை வேறு. கர்ப்பப்பை வாய் 25 மில்லிமீட்டருக்குக் கீழே சுருங்கியிருந்தால் புரோஜெஸ்ட்ரான் மருந்து. சிலருக்குக் கர்ப்பப்பை வாயில் தையல். பிரஷர் வரும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்கு 16 வாரத்துக்கு முன்பே சிறிய அளவில் ஆஸ்பிரின். இவை எல்லாருக்கும் பொருந்தாது. உங்களுக்குத் தேவையா என்று ஐந்தாம் மாத ஸ்கேனின்போதே கேட்டுவிடலாம். ஆஸ்பிரினை மட்டும் அதற்கு முன்பே கேட்க வேண்டும்.

நல்ல நாள் பார்த்து சிசேரியன் வைக்கலாமா?

மருத்துவக் காரணம் இல்லாவிட்டால் 39 வாரம் முடியும்வரை வேண்டாம். ஜோசியர் குறித்துக் கொடுத்த நட்சத்திரத்துக்காக 36, 37-வது வாரத்தில் எடுக்கச் சொல்லிக் கேட்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அப்படிப் பிறந்த குழந்தை மூச்சு வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்து படுக்கும். நாள் பார்க்கத்தான் வேண்டுமென்றால் 39 வாரத்துக்குப் பிறகு வரும் நாட்களில் பாருங்கள்.

பிரசவத்துக்கு முன் அம்மாவுக்குப் போடும் ஊசி எதற்கு?

குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு. நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் செம்மறியாடுகளில் செய்த ஆராய்ச்சியில், ஸ்டீராய்டு கொடுத்த ஆட்டின் குட்டி குறைமாதத்தில் பிறந்தும் மூச்சு விட்டதைக் கவனித்தார். ஹோவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து தாய்மார்களிடம் சோதித்து 1972-ல் முடிவை வெளியிட்டார். டெக்சாமெத்தசோன் என்றால் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. பீட்டாமெத்தசோன் என்றால் 12 மில்லிகிராம், ஒரு நாள் இடைவெளியில் இரண்டு. விலை மிகக் குறைவு.

“அது பணக்கார நாட்டு மருத்துவமனைகளுக்குத்தான் சரிப்படும்” என்ற சந்தேகம் வெகுநாள் இருந்தது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2020-ல் வெளியான ஆய்வு அதைத் தீர்த்துவைத்தது. ஊசி போடாத தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 23.5 பேர் முதல் மாதத்துக்குள் இறந்தார்கள். போட்டவர்களில் 19.6. ஒரு சாதாரண ஊசி, நூறு குழந்தைகளில் நாலு பேரைக் காப்பாற்றியது.

முதல் ஊசிக்குப் பிறகு 48 மணி நேரமாவது கிடைத்தால் முழுப் பலன். அதற்காகத்தான் வலியைத் தள்ளிப்போட மாத்திரை கொடுக்கிறார்கள். 32 வாரத்துக்கு முன் என்றால் மெக்னீசியம் சல்பேட்டும் கொடுப்பார்கள், அது மூளையைக் காக்க. உடம்பெல்லாம் எரிவது போல இருக்கும், பயப்பட வேண்டாம். சர்க்கரை நோய் உள்ள தாய்க்கு ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு சர்க்கரை ஏறும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்கே பிரசவம் பார்ப்பது? பிறகு வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொள்ளலாமா?

முடிந்தவரை குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயை மாற்றுங்கள். ஒரு கிலோக் குழந்தையைப் பிறந்த பிறகு ஆம்புலன்சில் ஏற்றிக் கொண்டுவருவது, அது எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும், ஆபத்து கூடியது. வலி ஆரம்பித்ததும் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் இடத்துக்கு 108-ல் போய்விடுங்கள். அரசு மருத்துவமனைகளில் ஒரு வயது வரை குழந்தையின் சிகிச்சை, மருந்து, பரிசோதனைகள் இலவசம். தனியார் மருத்துவமனை என்றால் முதலமைச்சர் காப்பீடு பொருந்துமா என்று முதல் நாளே கேளுங்கள். பணம் தீர்ந்த பிறகு பாதியில் மாற்றுவது குழந்தைக்கும் சிரமம், குடும்பத்துக்கும் சிரமம்.

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன செய்கிறார்கள்?

முதல் வேலை சூடு. தோலுக்கடியில் கொழுப்பு இல்லாத குழந்தை நிமிடங்களில் குளிர்ந்துவிடும். இரண்டாவது மூச்சு. நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உடம்பே சுரக்கும் ஒரு வழவழப்பான பொருள் வேண்டும், சர்ஃபாக்டன்ட் என்று பெயர். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு மூச்சும், ஒட்டிக்கிடக்கும் ஈரப் பிளாஸ்டிக் பையை ஊதிப் பிரிப்பது போலத்தான். 1959-ல் மேரி எல்லன் ஏவரி என்ற அமெரிக்க மருத்துவர் இந்தக் குறையைக் கண்டுபிடித்தார். 1980-ல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா அந்தப் பொருளைக் குழந்தைகளின் நுரையீரலுக்குள் செலுத்திக் காட்டினார். இன்று அது மருந்தாகவே கிடைக்கிறது. மூக்கில் செருகியிருக்கும் குழாய், ‘சிபாப்’, காற்றறைகள் மூடாமல் மெல்லிய அழுத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

சில நேரம் குழந்தை மூச்சு விடவே மறந்துவிடும். மானிட்டர் அடிக்கும். நாங்கள் ஓடிப்போய் உள்ளங்காலை விரலால் தட்டுவோம், மூச்சு திரும்பும். மூளையின் மூச்சு மையம் இன்னும் முதிராததால் வருவது இது. காபியில் இருக்கும் அதே காஃபீன்தான் இதற்கு மருந்து. பெரும்பாலும் 34 வாரத்தைத் தாண்டியதும் தானாகக் குறையும்.

முதல் வாரத்தில் எடை குறையும். நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை போகலாம். பிறந்த எடைக்குத் திரும்பவே இரண்டு வாரம் ஆகும். தினமும் எடை கேட்டு மனசு நொந்துபோகாதீர்கள்.

கங்காரு முறை என்கிறார்களே, அது பெட்டி இல்லாத இடங்களுக்கு மட்டும்தானே?

அப்படித்தான் தொடங்கியது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-ல், பெட்டி பற்றாத ஒரு மருத்துவமனையில், டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா குழந்தைகளைத் தாயின் நெஞ்சில் கட்டி வைக்கச் சொன்னார். ஆனால் இன்று பெட்டி இருக்கும் இடத்திலும் இதுதான் முதல் சிகிச்சை. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 1 முதல் 1.8 கிலோ எடையுள்ள குழந்தைகளிடம் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், உடல் நிலைப்படும்வரை காத்திராமல் பிறந்த உடனே தாயின் நெஞ்சோடு வைத்தபோது முதல் 28 நாள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது. ஒரு நாளில் குறைந்தது 8 மணி நேரம், முடிந்தால் 24 மணி நேரமும்.

செய்வது எளிது. குழந்தைக்கு டயப்பர், குல்லா, காலுறை மட்டும். தாயின் இரு மார்புகளுக்கு நடுவே நிமிர்த்தி, வயிறு தாயின் வயிற்றில் படும்படி வைக்க வேண்டும். கையும் காலும் மடங்கித் தவளை போல விரிந்திருக்கும். முகம் ஒரு பக்கம் திரும்பி, தாடை நெஞ்சில் இடிக்காமல் லேசாக நிமிர்ந்திருக்க வேண்டும். இது முக்கியம், தலை கவிழ்ந்தால் மூச்சுக்குழாய் மடங்கும். பிறகு பழைய பருத்திச் சேலையையோ வேட்டியையோ, மேல் விளிம்பு குழந்தையின் காதுக்குக் கீழே வரும்படி இறுகச் சுற்றிக் கட்டுங்கள். சாய்ந்து உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் மானிட்டரில் இதயத் துடிப்பு நிலைப்படுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். “தீட்டு முடியட்டும்” என்று சொல்லும் வீடுகளிடம் நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: அந்த முதல் பதினைந்து நாள்தான் குழந்தைக்கு இது அதிகமாக வேண்டியிருக்கிறது.

பால் வரவில்லை. பவுடர் பால் கொடுக்கலாமா?

முதல் நாள் மஞ்சளாக நாலைந்து சொட்டுதான் வரும். அதுவே சீம்பால். அந்தச் சொட்டுகளைச் சிரிஞ்சில் எடுத்துக் கொண்டுவாருங்கள், நாங்கள் குழந்தையின் கன்னத்துக்குள் தடவுவோம், குழாய் வழியே ஒரு மில்லி, இரண்டு மில்லியாகக் கொடுப்போம். குறைமாதக் குழந்தைக்குக் குடல் அழுகும் ஒரு கொடிய நோய் வரும் அபாயம் உண்டு. தாய்ப்பால் அந்த அபாயத்தைக் கணிசமாகக் குறைக்கிறது. பவுடர் பால் கூட்டுகிறது. இதனால்தான் நாங்கள் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறோம்.

குழந்தை உறிஞ்சாவிட்டாலும் இரவு உட்பட இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் பீய்ச்ச வேண்டும். காலி பண்ணினால்தான் ஊறும். உங்களுக்குப் போதவில்லை என்றால் தாய்ப்பால் வங்கியில் பதப்படுத்திய தானப் பால் கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் மும்பை சயன் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இருக்கிறது.

உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடுவதை ஒருங்கே செய்ய 34 வாரம் ஆகும். அதுவரை பாலாடை. நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான். பாலாடையைக் கொதிக்க வைத்து எடுத்து, பாதி நிரப்பி, அதன் மூக்கைக் குழந்தையின் உதட்டோரத்தில் வைத்துச் சாயுங்கள். ஊற்றக் கூடாது, குழந்தை நக்கி விழுங்க வேண்டும். பாட்டில் வேண்டாம்.

கண் பரிசோதனை அவ்வளவு அவசியமா? பார்த்தால் நன்றாகத்தானே முழிக்கிறது?

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்த பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து, விழித்திரையையே பிய்த்து எடுத்துவிடக்கூடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது. பார்வை போன பிறகு திருப்ப முடியாது. ஆனால் சரியான வாரத்தில் கண்டுபிடித்தால் லேசரோ ஊசியோ போட்டுப் பெரும்பாலான குழந்தைகளின் பார்வையைக் காப்பாற்றலாம்.

34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தவர்களுக்கு 30 நாளுக்குள் முதல் பரிசோதனை. 28 வாரத்துக்கு முன்போ 1200 கிராமுக்குக் குறைவாகவோ என்றால் இரண்டு, மூன்று வாரத்திலேயே. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்ப்பார்கள். ஒருமுறை பார்த்தால் முடிந்துவிடாது. ரத்தக் குழாய்கள் விளிம்பு வரை வளர்ந்துவிட்டன என்று கண் டாக்டர் சொல்லும்வரை, வாரத்துக்கு ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ போக வேண்டும். இங்கேதான் குடும்பங்கள் நழுவிவிடுகின்றன. பிள்ளை வீட்டுக்கு வந்தாயிற்று, பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது, இவ்வளவு தூரம் பஸ்ஸில் கூட்டிப்போனால் சளி பிடிக்கும் என்று விட்டுவிடுகிறார்கள்.

1996-ல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 29-வது வாரத்தில் 1250 கிராம் எடையோடு பிறந்த பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை. பெற்றோருக்குச் சொல்லவும் இல்லை. பார்வை போனது. தந்தை வழக்கு நடத்தி, 2015-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அந்தப் பிள்ளைக்கு அப்போது 18 வயது முடிந்திருந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைத் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் எழுதித் தரும்வரை நகராதீர்கள்.

வேறு என்ன பரிசோதனைகள்?

காது கேட்கும் பரிசோதனை, வீட்டுக்குப் போகும் முன். 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு உச்சிக்குழி வழியாக மூளை ஸ்கேன். வலி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. தைராய்டு ரத்தப் பரிசோதனை.

வீட்டுக்கு வந்த பிறகு எதில் கவனம்?

சாம்பிராணி வேண்டவே வேண்டாம். பலவீனமான நுரையீரலுக்கு எந்தப் புகையும் ஆகாது, கொசுவர்த்திச் சுருளும் சேர்த்துத்தான். உரை மருந்து, சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் கூடாது. பாலும் டாக்டர் எழுதிய இரும்புச்சத்து, வைட்டமின் டி சொட்டுகளும் போதும். தலைக்கு ஊற்றிக் குளிப்பாட்டுவதை டாக்டர் சொல்லும் எடை வரும்வரை தள்ளிவையுங்கள், துடைத்துவிட்டால் போதும். பார்க்க வருகிறவர்கள் கை கழுவட்டும். சளி, இருமல் உள்ளவர்கள் வாசலோடு போகட்டும், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. மல்லாக்கப் படுக்க வையுங்கள். கங்காரு முறையை வீட்டிலும் தொடருங்கள்.

பால் குடிக்காமல் சோர்ந்திருப்பது, தொட்டால் உள்ளங்கால் சில்லென்று இருப்பது, மூச்சு நிமிடத்துக்கு 60-க்கு மேல் போவது, நெஞ்சு உள்வாங்குவது, உதடு நீலமாவது, உள்ளங்கை வரை மஞ்சள் பரவுவது, வெட்டி இழுப்பது: உடனே மருத்துவமனை.

ஆறு மாதம் ஆகியும் குப்புற விழவில்லையே?

பிறந்த தேதியிலிருந்து எண்ணாதீர்கள். 30 வாரத்தில் பிறந்த குழந்தை பத்து வாரம் முன்கூட்டி வந்தது. பிறந்து 26 வாரம் ஆனபோது அதன் திருத்திய வயது 16 வாரம்தான், நாலு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. நாலு மாதக் குழந்தை குப்புற விழாததில் கவலை ஒன்றும் இல்லை. இரண்டு வயது வரை தலை நிற்பது, உட்காருவது, நடப்பது, பேசுவது எல்லாவற்றுக்கும் இந்தத் திருத்திய வயதைத்தான் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுகிறவர்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

தடுப்பூசிக்கு மட்டும் விதிவிலக்கு. அது பிறந்த தேதிப்படி. எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்ததும் போடும் ஊசிகளில் ஒன்றிரண்டைக் கொஞ்சம் தள்ளிவைப்பார்கள்.

மூளை வளர்ச்சி பாதிக்குமா? நடக்குமா, படிக்குமா?

பெரும்பாலான குழந்தைகள் நடக்கும், படிக்கும். ஆனால் வாரம் குறையக் குறைய அபாயம் கூடும், அதை மறைப்பது நியாயமில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 28 வாரத்துக்கு முன் பிறந்து பிழைத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு மூளை முடக்குவாதம் வருகிறது. 28 முதல் 31 வாரம் என்றால் 6 பேர். 32 முதல் 36 வாரம் என்றால் ஒருவருக்கும் குறைவு. இதைவிட அதிகம் காணப்படுவது வெளியில் எளிதில் தெரியாத சிரமங்கள்: கவனம் நிலைக்காமை, கணக்கில் பின்தங்குவது, எழுத்து தாமதமாவது, கண்ணாடி தேவைப்படுவது. பள்ளியில் “சோம்பேறி” என்று திட்டு வாங்கும் சில பிள்ளைகளின் பிறப்புச் சீட்டை எடுத்துப் பார்த்தால் 31 வாரம் என்றிருக்கும்.

தசை இறுகுவது, ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, திருத்திய வயது நாலு மாதத்திலும் தலை நிற்காதது ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்காதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்ற ஆரம்பநிலைச் சிகிச்சை மையங்கள் உண்டு. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, கண், காது எல்லாம் ஒரே இடத்தில். முதல் இரண்டு வருடத்தில் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம்.

அம்மா அழுதுகொண்டே இருக்கிறாள். என்ன செய்வது?

அவளைக் குழந்தையிடம் கூட்டிப்போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, சாப்பிட மறுப்பது, குழந்தையைத் தொடவே பிடிக்காமல் போவது என்றால் அது மனச்சோர்வு நோய், சிகிச்சை உண்டு. “தைரியமா இரு” என்று சொல்வது மருந்தாகாது. 104 எண்ணில் ஆலோசகரிடம் பேசலாம்.

அடுத்த குழந்தையும் இப்படித்தான் பிறக்குமா?

வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அடுத்தது நிறைமாதமே. குறைந்தது ஒன்றரை வருடம், முடிந்தால் இரண்டு வருடம் இடைவெளி விட்டுக் கருத்தரியுங்கள். கருவுற்றது தெரிந்ததும் பதிவு செய்யும்போதே கிராம சுகாதார செவிலியரிடம் முந்தைய பிரசவம் எத்தனையாவது வாரம், எதனால் என்று சொல்லுங்கள்.

வளர்ந்து பெரியவர்களான பிறகும் பாதிப்பு இருக்குமா?

சிலருக்கு இருக்கும். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் 36 வாரம் வரை உருவாகிக்கொண்டே இருக்கும். முன்கூட்டிப் பிறந்தவர்களுக்கு அவை எண்ணிக்கையில் குறைவாக அமையலாம். அதனால் இளம் வயதிலேயே ரத்த அழுத்தம் வர வாய்ப்பு கூடுதல். சர்க்கரை நோய்க்கும் அப்படியே. பல நாள் ஆக்சிஜனில் இருந்த நுரையீரலுக்கு வீசிங்கும் மூச்சுத் திறன் குறைவும் வரலாம். ஸ்வீடனில் 1973 முதல் 1997 வரை பிறந்த 25 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், குறைமாதத்தில் பிறந்தவர்களில் 54.6 சதவீதம் பேர் பெரிய நோய் எதுவும் இல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நிறைமாதத்தில் பிறந்தவர்களில் அது 63 சதவீதம். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களில் 22 சதவீதம்தான். அவர்களுக்கு வாழ்நாள் முழுக்க மருத்துவக் கவனிப்பு வேண்டும்.

ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியைத் தூக்கிப் போடாதீர்கள். பிறப்புச் சான்றிதழோடு வைத்து, செல்போனிலும் படம் எடுத்து வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கு விவரம் தெரிந்ததும் அவனிடமே, அவளிடமே சொல்லுங்கள். இருபது வயதில் ஒரு பையன் சிகரெட்டைத் தொடும் முன் தன் நுரையீரல் எப்படி ஆரம்பித்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெண் பிள்ளை என்றால், அவள் கருவுறும்போது அவளுக்கும் குறைமாதப் பிரசவ வாய்ப்பு சற்றுக் கூடுதல். முதல் செக்கப்பிலேயே “நான் 30 வாரத்தில் பிறந்தவள்” என்று டாக்டரிடம் சொல்ல அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.